அழகுபடுத்தப் போய் சராசரியை மாற்றிவிடாதீர்கள்

புள்ளியியலுக்கான ஆர் மொழியில் ஜிஜிபிளாட்2 என்ற வரைபடத் தொகுப்பை வைத்து வரைபவர்களுக்கு, ஒய் அச்சைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டுமென்றால் கை தானாகவே ‘ஒய்லிம்’ (ஒய் அச்சின் எல்லை) என்று தட்டும். படம் கச்சிதமாக வரும். ஆனால் அந்த ஒரு வரி சராசரிப் புள்ளிகளையும் நகர்த்தியிருக்கலாம். வரைபடத்தைச் சீர்செய்யும் கட்டளைகளில் சில படத்தை மட்டும் தொடும், சில தரவையே தொடும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் தொல்லை. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால், நிறம், எழுத்து, அளவு எல்லாம் பொறுமையாகச் செய்துகொள்ளலாம்.

ஒரே ஒரு தரவை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்: ஆர் மொழியோடு கூடவே வரும் ‘டூத்குரோத்’. தனியாக எதையும் தரவிறக்க வேண்டியதில்லை. 60 கினிப்பன்றிகள், வைட்டமின் சி ஒரு நாளைக்கு 0.5, 1, 2 மில்லிகிராம் என மூன்று அளவுகளில், ஆரஞ்சுச் சாறாகவோ அஸ்கார்பிக் அமிலமாகவோ கொடுக்கப்பட்டது. ஆறு குழுக்கள், குழுவுக்குப் பத்து. கிராம்ப்டன் 1947-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண்கள் இவை. மூன்று நெடுவரிசைகள்: ‘லென்’ (அளந்த நீளம்), ‘சப்’ (எந்த வடிவில் கொடுத்தது), ‘டோஸ்’ (எவ்வளவு).

ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன். தட்டும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். இணையத்தில் இந்தத் தரவை வைத்து வரைந்த படங்கள் பலவற்றில் ஒய் அச்சில் ‘பல்லின் நீளம்’ என்றிருக்கும். சிலவற்றில் மில்லிமீட்டர் என்றுகூட. அளந்தது பல்லை அல்ல, பல் வளர்ச்சிக்குக் காரணமான ஓடோன்டோபிளாஸ்ட் செல்களின் நீளத்தை. ஆர் உதவிப் பக்கம் ‘லென்’ நெடுவரிசைக்கு அலகு எதையும் சொல்வதில்லை. சொல்லாத அலகை நாமாகப் போடக் கூடாது. அச்சுத் தலைப்பு எழுதும் முன் தரவின் உதவிப் பக்கத்தை ஒருமுறை படிக்க அரை நிமிடம் போதும்.

எக்ஸ் அச்சு: எண்ணா, வகையா

‘டோஸ்’ இந்தத் தரவில் எண்ணாக இருக்கிறது. அதை அப்படியே எக்ஸ் அச்சுக்குக் கொடுத்து, நிறத்துக்குச் ‘சப்’ கொடுத்து ஜியோம் பாக்ஸ்பிளாட் (பெட்டி வரைபடம்) போட்டால், ஆறு பெட்டிகள் வர வேண்டிய இடத்தில் இரண்டே அகலப் பெட்டிகள் வரும். காரணம், ஜிஜிபிளாட் குழு பிரிப்பது வகை மாறிகளை வைத்துத்தான். எண்ணை வைத்துப் பிரிக்காது. உடனே எல்லோரும் செய்வது ‘டோஸ்’ஸை ஃபேக்டராக, அதாவது வகை மாறியாக, மாற்றுவது. பெட்டிகள் ஆறாகிவிடும். ஆனால் அடுத்து சராசரிகளைக் கோட்டால் இணைக்கப் போனால் கோடு வராது. ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கிறது என்று ஆர் முணுமுணுக்கும். இப்போது ‘சப்’, ‘டோஸ்’ இரண்டும் வகை மாறிகள் என்பதால் ஆறு குழுக்கள் ஆகிவிட்டன, குழுவுக்கு ஒரு சராசரி. ஒரு புள்ளியை வைத்து எங்கே கோடு போடுவது? ஏஸ்தெடிக்கில் (எந்த நெடுவரிசை எதற்கு என்று சொல்லும் இடத்தில்) ‘குரூப் = சப்’ என்று வெளிப்படையாகச் சொன்னால் சரியாகும்.

இந்தத் தரவுக்கு ஃபேக்டரே தேவையில்லை என்பேன். 0.5, 1, 2 என்பது ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாவது. எண்ணாகவே வைத்துக்கொண்டு எக்ஸ் அச்சை லாக்2 அளவுக்கு மாற்றினால் மூன்றும் சம இடைவெளியில் உட்காரும். ஃபேக்டராக்கினாலும் சம இடைவெளிதான். ஆனால் அங்கே அது தற்செயல். நாளைக்கு 4-ஐ விட்டுவிட்டு 8 மில்லிகிராம் குழு ஒன்று சேர்ந்தால் ஃபேக்டர் அச்சு அதையும் ஒரு படி தள்ளி வைத்துவிடும். லாக் அச்சு இரண்டு படி தள்ளி வைக்கும். குழுவும் ‘சப்’பை வைத்தே தானாகப் பிரியும், கோடு கேட்காமலே வரும். செய்ய வேண்டியது: ஸ்கேல் எக்ஸ் கன்டினியுவஸ் உள்ளே ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்பதற்கு லாக்2, ‘பிரேக்ஸ்’ என்பதற்கு 0.5, 1, 2. ஜிஜிபிளாட்2-இன் 3.5.0 பதிப்புக்கு (2024) முன்பு இந்த ஆர்குமென்ட்டின் பெயர் ‘டிரான்ஸ்’. பழைய கணினியில் ஓட்டினால் அந்தப் பெயர்தான் செல்லும்.

புள்ளிகளும் பிழைக்கோடுகளும்

குழுவுக்குப் பத்துப் புள்ளிகள்தான் என்னும்போது அவற்றை ஒளித்துவிட்டு, ஒரு செங்குத்துப் பட்டையும் மேலே ஒரு கொம்பும் (அதுதான் பிழைக்கோடு) வைப்பது எனக்கு ஒப்புவதில்லை. பத்தையும் காட்டுங்கள். ஒன்றன் மேல் ஒன்று விழாமல் இருக்கக் கொஞ்சம் சிதற விட வேண்டும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜியோம் ஜிட்டர் எதுவும் சொல்லாவிட்டால் பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலும் கீழும் சிதறடிக்கும். தரவின் மிகச் சிறிய இடைவெளியில் 40 சதவீதம் வரை. நம் தரவில் அந்த இடைவெளி 0.1, ஆகவே 0.04 நகர்வது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முட்டைகளின் எண்ணிக்கை, காலனிகளின் எண்ணிக்கை போன்ற முழு எண் தரவு என்றால் 3 என்பது 2.6-க்கும் 3.4-க்கும் நடுவே எங்காவது போய் நிற்கும். பூஜ்யம் எதிர்ம எண்ணாகக்கூடத் தெரியலாம். ‘ஹைட் = 0’ என்று எழுதுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கூடவே ‘சீட்’ (சிதறலை நிலைப்படுத்தும் எண்) ஒன்றும் கொடுங்கள்; ஜியோம் ஜிட்டர் அதை நேரடியாக ஏற்காது, ஜியோம் பாயின்ட்டுக்குக் கொடுக்கும் பொசிஷன் ஜிட்டர் உள்ளே இரண்டையும் எழுத வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை நிரலை மறுபடி ஓட்டும்போதும் புள்ளிகள் இடம் மாறியிருக்கும்.

சராசரிக்கு ஸ்டாட் சம்மரி. ஃபங்ஷன் எதுவும் சொல்லாவிட்டால் அது சராசரியையும், அதிலிருந்து ஒரு திட்டப்பிழை (சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதன் அளவு) மேலும் கீழுமாகக் கோட்டையும் போட்டுவிட்டு, அப்படிச் செய்ததாக ஒரு வரித் தகவல் தரும். அந்தத் தகவலை யாரும் படிப்பதில்லை. படத்தைப் பார்ப்பவருக்கு அந்தக் கோடு திட்டவிலக்கமா (புள்ளிகளின் பரவல்), திட்டப்பிழையா, 95 சதவீத நம்பக இடைவெளியா (உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லை) என்று தெரிய வழியே இல்லை. வித்தியாசம் சின்னதல்ல. 2 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலக் குழுவை எடுங்கள்: சராசரி 26.14, திட்டவிலக்கம் 4.80, திட்டப்பிழை 1.52, நம்பக இடைவெளியின் ஒரு பக்கக் கை 3.43. அதே பத்துக் கினிப்பன்றிகள், மூன்று வெவ்வேறு நீளக் கோடுகள். எதைப் போட்டாலும் படக்குறிப்பில் பெயர் சொல்லி எழுதுங்கள், குழுவின் எண்ணிக்கையோடு.

நம்பக இடைவெளி வேண்டுமென்றால் மீன் சிஎல் நார்மல் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது உள்ளுக்குள் ஹெச்மிஸ்க் என்ற இன்னொரு தொகுப்பை நம்பியிருக்கிறது. அதை நிறுவாத கணினியில் படம் வரும், பிழைக்கோடு மட்டும் வராது, மூலையில் ஓர் எச்சரிக்கை கிடக்கும். ‘என் கணினியில் வந்ததே’ ரகத்துச் சண்டைகளில் பாதி இதுதான். நம் தரவில் எல்லாக் குழுவும் பத்துப் பத்து என்பதால் எளிய வழி ஒன்று உண்டு: மீன் எஸ்இ ஃபங்ஷனுக்கு ‘மல்ட்’ என்பதை 2.262 என்று கொடுத்துவிடலாம். ஒன்பது கட்டின்மைப் படிகளுக்கு (பத்துப் புள்ளிகளில் ஒன்று குறைவு) டி பரவலின் 97.5 சதவீதப் புள்ளி அது. 1.96 என்று போடாதீர்கள். பத்துப் புள்ளிகளுக்கு அது கோட்டைக் குறைத்துக் காட்டும். குழுக்களின் எண்ணிக்கை சமமில்லை என்றால் இந்தக் குறுக்குவழி செல்லாது.

இரண்டு குழுக்களின் கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று விழாமலிருக்க பொசிஷன் டாட்ஜ். இதை ஒவ்வொரு அடுக்கிலும் (புள்ளி, சராசரி, பிழைக்கோடு என ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ப்பவை) தனித்தனியாக எழுதினால் ஒன்றில் 0.2 என்றும் இன்னொன்றில் 0.25 என்றும் வந்து, சராசரிப் புள்ளி ஒரு பக்கமும் பிழைக்கோடு ஒரு பக்கமுமாக நிற்கும். ஒருமுறை ஒரு மாறியில் போட்டுவைத்து எல்லா அடுக்குக்கும் அதையே கொடுங்கள். அச்சு லாக்2 என்பதால் 0.2 என்பது மில்லிகிராம் அல்ல. இரட்டிப்பு ஒன்றின் ஐந்தில் ஒரு பங்கு.

30-இல் நறுக்கினால் என்ன ஆகும்

இப்போது தொடக்கத்தில் சொன்ன ஒய்லிம். 2 மில்லிகிராமில் ஆரஞ்சுச் சாறு குழுவின் சராசரி 26.06, அஸ்கார்பிக் அமிலக் குழுவுக்கு 26.14. கிட்டத்தட்ட ஒன்றுதான், அமிலம் ஒரு மயிரிழை மேலே. மேலே காலி இடம் அதிகம் என்று ஒய்லிம்மில் 0, 30 என்று கொடுங்கள். இப்போது படத்தில் சாறு 25.52, அமிலம் 24.38. வரிசையே தலைகீழ். சாறு தெளிவாக மேலே நிற்கிறது!

நடந்தது இதுதான். ஒய்லிம் என்பது ஸ்கேலின் (மதிப்புகளை அச்சில் பொருத்தும் அளவுகோலின்) எல்லையை மாற்றும் கட்டளை. ஸ்கேலுக்கு வெளியே விழும் மதிப்புகளை ஜிஜிபிளாட் காலி மதிப்புகளாக்கிவிடும். அதற்குப் பிறகுதான் சராசரி கணக்கிடும். அமிலக் குழுவில் 33.9, 32.5 என்ற இரண்டும், சாறுக் குழுவில் 30.9 என்ற ஒன்றும் தூக்கியெறியப்பட்டன. மிச்சமுள்ள எட்டுக்கும் ஒன்பதுக்கும்தான் சராசரி. பெரிய மதிப்புகள் போய்விட்டதால் அமிலக் குழுவின் திட்டவிலக்கமும் 4.80-இலிருந்து 3.41-க்கு இறங்கிவிட்டது. பிழைக்கோடு குட்டையாகி, படம் முன்னைவிட நம்பகமாகத் தெரியும். மூன்று வரிசைகள் நீக்கப்பட்டதாக எச்சரிக்கை வரும். அறிக்கை தயாரிக்கும்போது எச்சரிக்கைகளை மறைக்கும் வரியை மேலே போட்டுவைத்திருந்தால் அதுவும் வராது.

மாற்று: கோஆர்ட் கார்ட்டீசியன் உள்ளே ஒய்லிம் கொடுப்பது. இது கணக்கெல்லாம் முடிந்தபின் படத்தை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல, சராசரி அசையாது. ஆனால் 30-க்கு மேலே உள்ள புள்ளிகள் அப்போதும் கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தரவுக்கு 0 முதல் 35 வரை வைப்பதே நேர்மை.

பட்டை வரைபடத்தில் இதே தவறு வேறு முகத்தோடு வரும். ஒய் அச்சை 5-இலிருந்து தொடங்கச் சொல்லி ஸ்கேல் எல்லை கொடுத்தால் பட்டைகளே காணாமல் போகும். பட்டையின் அடி 0-இல் இருக்கிறது, அது எல்லைக்கு வெளியே. ஆகவே பட்டை முழுவதும் நீக்கம். அங்கே தவறு கண்ணில் படுகிறது, பிழைத்தோம்.

ஒய் அச்சில் லாக் அளவு போடும்போதும் இதே சங்கதி. ஸ்கேல் ஒய் லாக்10 தரவை முதலில் லாக் எடுத்துவிட்டுப் பிறகே சராசரி பார்க்கும். 10, 1000 என்று இரண்டு செறிவுகள் இருந்தால் சராசரி 505 அல்ல, 100 என்று காட்டும். அது பெருக்கல் சராசரி. பாக்டீரியா எண்ணிக்கைக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கலாம். ஆனால் தெரிந்து செய்ய வேண்டும், உரையில் ஒரு சராசரியும் படத்தில் இன்னொன்றுமாக நிற்கக் கூடாது.

சந்தேகம் வந்தால் லேயர் டேட்டா என்ற ஃபங்ஷனில் படத்தையும் அடுக்கின் எண்ணையும் கொடுங்கள். படத்தில் உண்மையில் வரையப்பட்ட எண்கள் அட்டவணையாக வரும். லாக் அச்சில் அவை லாக் எடுத்த எண்களாக இருக்கும், குழம்ப வேண்டாம். அக்ரிகேட் கொண்டு தனியாகப் போட்ட சராசரியோடு ஒப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் விஷயம் வெளிச்சமாகிவிடும்.

நிறமும் பெயரும்

ஜிஜிபிளாட் தானாகத் தரும் நிறங்கள் எல்லாம் ஒரே வெளிச்ச அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. திரையில் அழகு; கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல். ஆர் 4.0.0 பதிப்பிலிருந்து ஒக்காபே-இட்டோ வண்ணத்தட்டு உள்ளேயே இருக்கிறது, பேலட் கலர்ஸ் என்று கேட்டால் தரும் (இதற்கு மட்டும் அடிக்கோடு அல்ல, புள்ளி). நிறக்குருடு உள்ளவர்களும் பிரித்தறியும்படி அமைத்த நிறங்கள். இரண்டு குழுவுக்கு அதிலிருந்து ஆரஞ்சும் (சிவப்பு 230, பச்சை 159, நீலம் 0) நீலமும் (0, 114, 178) எடுத்தால் போதும். ஒன்று வெளிர், ஒன்று அடர், நகல் எடுத்தாலும் தெரியும். சாறுக்கு ஆரஞ்சு என்பது நினைவுக்கும் எளிது. நிறத்தோடு புள்ளியின் வடிவத்தையும் மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. அப்போது லெஜெண்ட் (நிறம், வடிவத்துக்கான குறிவிளக்கம்) இரண்டாகப் பிரிந்து வந்தால், நிற ஸ்கேலுக்கும் வடிவ ஸ்கேலுக்கும் கொடுத்த தலைப்போ பெயர்களோ எங்கோ ஓர் எழுத்து வேறுபடுகிறது என்று பொருள்.

பெயர் சூட்டுவதில்தான் உண்மையான ஆபத்து. தரவைத் திறந்தால் முதல் 30 வரிசைகள் ‘விசி’, அதாவது அமிலம். அதைப் பார்த்துவிட்டு ‘லேபில்ஸ்’ என்பதில் அமிலம் முதலாகவும் சாறு அடுத்ததாகவும் எழுதுவது இயல்பு. ஆனால் ஃபேக்டரின் நிலைகள் அகர வரிசையில் இருக்கின்றன, ‘ஓஜே’தான் முதல். பெயர்கள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். எச்சரிக்கை கிடையாது, எந்தத் தடயமும் கிடையாது. குறைந்த அளவில் அமிலமே சிறந்தது என்று உங்கள் படம் சொல்லும். உண்மையில் 0.5 மில்லிகிராமில் சாறு 13.23, அமிலம் 7.98. ‘ஓஜே = ஆரஞ்சுச் சாறு, விசி = அஸ்கார்பிக் அமிலம்’ என்று பெயரோடு பெயர் சேர்த்துக் கொடுத்தால் வரிசை எப்படி இருந்தாலும் சரியாக ஒட்டும். நிறங்களுக்கும் அப்படியே.

அளவு, எழுத்து, சேமிப்பு

ஆர் எழுதப் பயன்படும் ஆர்ஸ்டூடியோ மென்பொருளின் ஓரத்துச் சட்டத்தில் பார்த்துப் பார்த்துச் செதுக்கிவிட்டு, சேமித்தபின் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறதே என்று புலம்புவது வாடிக்கை. ஜிஜிசேவ், அளவு சொல்லாவிட்டால், அந்த நேரத்தில் சட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அந்த அளவிலேயே சேமிக்கும். சட்டத்தை இழுத்துவிட்டால் படமும் மாறும். முதலிலேயே இறுதி அளவை முடிவு செய்யுங்கள். நேச்சர் இதழில் ஒற்றைப் பத்தி அகலம் 89 மில்லிமீட்டர், இரட்டை 183. அகலம் 89, உயரம் 70, அலகு ‘எம்எம்’ என்று கொடுத்து, அந்த அளவில் சேமித்த கோப்பைத் திறந்து பார்த்தபடியே வேலை செய்யுங்கள், சட்டத்தைப் பார்க்காதீர்கள்.

7 அங்குல அகலத்தில் வரைந்து இதழில் 89 மில்லிமீட்டருக்குச் சுருக்கினால் எல்லாம் பாதியாகும். இயல்பான எழுத்தளவு 11 புள்ளி, அது 5.5 ஆகும், அச்சு எண்கள் இயல்பிலேயே அதில் 0.8 பங்கு என்பதால் 4.4-க்கு இறங்கும். பூதக்கண்ணாடி தேவைப்படும். சரியான அளவிலேயே வரைந்து, தீம் கிளாசிக் (தயாராக உள்ள தோற்ற அமைப்புகளில் ஒன்று) உள்ளே ‘பேஸ் சைஸ்’ 8 என்று வைத்தால் அச்சு எண்கள் 6.4 புள்ளியில் படிக்கும்படி இருக்கும்.

ஜியோம் டெக்ஸ்ட்டின் ‘சைஸ்’ மட்டும் புள்ளியில் அல்ல, மில்லிமீட்டரில். 7 என்று கொடுத்தால் ஏறத்தாழ 20 புள்ளி எழுத்து படத்தையே மறைக்கும். 7 புள்ளி வேண்டுமென்றால் 7-ஐ 2.845-ஆல் வகுத்து 2.46 என்று கொடுக்க வேண்டும். கோட்டுத் தடிமனுக்கு 3.4.0 பதிப்பிலிருந்து ‘லைன்வித்’. அதில் 1 என்பது 2.13 புள்ளி. அரைப் புள்ளிக் கோடு வேண்டுமென்றால் 0.235.

இன்னொன்று: லெஜெண்ட்டை மேலே வைக்கச் சொல்லித் தீம் வரி எழுதிவிட்டு, அதற்குப் பின்னால் தீம் கிளாசிக் சேர்த்தால் லெஜெண்ட் மறுபடி வலப்பக்கம் போய் உட்கார்ந்துவிடும். முழுத் தீம் ஒன்று பின்னால் வந்தால் முன்னால் செய்த திருத்தங்களையெல்லாம் துடைத்துவிடும். முழுத் தீம் முதலில், திருத்தங்கள் பிறகு.

தமிழில் அச்சுத் தலைப்பு எழுதுகிறவர்களுக்குக் கூடுதல் வேலை ஒன்று உண்டு. ஆர் தரும் வழக்கமான பிடிஎஃப் சாதனத்தால் (படத்தைக் கோப்பாக எழுதும் பகுதியால்) தமிழ் எழுத்தைக் கையாள முடியாது. எழுத்து வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள் வரும். பிஎன்ஜி போதுமென்றால் ராக் தொகுப்பை நிறுவிவிடுங்கள். அது ஹார்ஃப்பஸ் என்ற நிரல் கொண்டு எழுத்துகளைக் கோப்பதால் கொம்பும் காலும் இடம் மாறாது. நிறுவியிருந்தால் ஜிஜிசேவ் தானாகவே அதை எடுத்துக்கொள்ளும். ஆர்ஸ்டூடியோவின் சட்டத்திலும் சரியாகத் தெரிய, கிராஃபிக்ஸ் அமைப்பில் பேக்எண்ட் என்பதை ஏஜிஜி என்று மாற்ற வேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது விண்டோஸில் உள்ள நிர்மலா யுஐ. பெயரை ஓர் எழுத்து தவறாகத் தட்டினாலும் சத்தமில்லாமல் வேறு எழுத்துருவில் வரைந்துவிடும்; சிஸ்டம்ஃபான்ட்ஸ் தொகுப்பு தரும் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். சேமித்ததும் ‘கொடுத்த அளவு’ என்று தலைப்பு வைத்துச் சோதியுங்கள்: ககரத்துக்கு முன்னே ஒற்றைக் கொம்பும் பின்னே காலும் நின்றால் கோப்பு சரி, காலுக்குப் பக்கத்தில் புள்ளிவட்டம் ஒன்று தொங்கினால் சாதனம் இன்னும் மாறவில்லை.